மொட்டை மாடியில் நாயைக் கட்டுகிறவர்களுக்கு
எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நாயை மொட்டை மாடியில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் வைக்காமல் இல்லை. அலுமினியச் சட்டியில் வைத்தது 11 மணிக்கே வெந்நீராகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளேயே விடுங்கள். முடியாதென்றால் காற்றோட்டமான நிழலில், கனமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து.

நடக்கக் கூட்டிப்போகுமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். சாயங்காலம் போனால் போதும்.

அப்புறம், விடாமல் இரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் தாமதிக்காதீர்கள். உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.