கூட்டு வகுப்பில் கேட்டல் பயிற்சி: ஒரே பனுவல், மூன்று பணிகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், மொத்த மாணவர் எண்ணிக்கை 30ஐ எட்டாத தமிழ்ப்பள்ளிகள் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் (வகுப்பு நிலைகளில்) பயிலும் மாணவர்களை ஒரே வகுப்பில் அமர்த்துவதுண்டு. அத்தகைய கூட்டு வகுப்பில் கேட்டல் திறனைக் கற்பிக்கப் பனுவலை மாற்ற வேண்டியதில்லை. மாணவர் செய்யும் பணியை மாற்றினால் போதும்.

முதலில், மாணவர்கள் அறிந்த பொருளில் எட்டு வாக்கியங்களுக்கு மிகாத பனுவல் ஒன்றை நீங்களே எழுதுங்கள். பாடநூல் பகுதியை வாசித்தால், கேட்காமலேயே புத்தகத்தைப் பார்த்து விடை சொல்லிவிடுவார்கள். எண்ணெய் தரும் செம்பனை மரத்தின் அறுவடை பொருத்தமான தலைப்பு. மரத்தடியில் உதிரிப் பழங்களைக் கண்டு குலை பழுத்ததை அறிவது, மட்டையையும் குலையையும் வெட்டுவது, உதிரிகளைப் பொறுக்குவது, எண்ணெயின் தரம் கெடாதிருக்க 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது எனச் செயல்கள் வரிசையாக வருகின்றன.

இரண்டாவதாக, வாசிப்பதற்கு முன்பே பணியை அறிவித்துவிடுங்கள். முன்னறிவிப்பின்றி இறுதியில் வினா தொடுப்பது நினைவாற்றலைச் சோதிப்பதேயன்றி வேறில்லை. இரண்டாம் ஆண்டு மாணவர் நான்கு படங்களை வரிசைப்படுத்தட்டும். மூன்றாம் ஆண்டு மாணவர், குலையை விரைவாக ஆலைக்கு அனுப்புவது ஏன் என்பதற்கு விடை காணட்டும். தடுமாறும் மாணவர், ‘குலை’ என்று கேட்கும்போதெல்லாம் கையை உயர்த்தினால் போதும்.

மூன்றாவதாக, இயல்பான வேகத்தில் இருமுறை வாசியுங்கள். சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல், வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துங்கள். முதல் வாசிப்பில் யாரும் எழுதக் கூடாது. பிறகு இருவர் இருவராகப் பேசித் தமக்கு எது பிடிபடவில்லை என்பதைக் கண்டுகொண்டால், இரண்டாம் வாசிப்பை அதற்காகவே காத்திருந்து கேட்பார்கள்.

அடுத்து வருவதுதான் பயிற்சியின் உயிர்நாடி என்பேன்: விடை எங்கே பிசகியது என்று பார்ப்பது. ‘குலையை வெட்டுவதற்கு முன், அதைத் தாங்கும் மட்டையை வெட்டுவார்கள்’ என்ற வாக்கியத்தைக் கேட்ட மாணவர் குலைப் படத்தை முதலில் வைத்தால், அவருக்குச் சொற்கள் விளங்கியிருக்கின்றன. ‘முன்’ என்பது மட்டும் நழுவியிருக்கிறது. மறுபாடத்தில் ‘முன்’, ‘பின்’, ‘அதற்குள்’ ஆகியவை வரும் வாக்கியங்களைக் கூட்டுங்கள். ‘விலை’, ‘விளை’ போன்ற ஒலிகளில் மயங்குவோருக்கு இப்பயிற்சி உதவாது. அவர்களுக்குத் தனியே ஒலிப் பயிற்சி வேண்டும். வகுப்புசார் மதிப்பீட்டுப் பதிவில் மதிப்பெண்ணோடு இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் குறித்து வைத்தால், அடுத்த பனுவலை எழுதுவது எளிதாகும்.

தகரக் கூரையில் மழை கொட்டும் வேளையில் மட்டும் குரலை உயர்த்தி வாசிக்க முயல வேண்டாம். எழுத்துப் பயிற்சியை முன்னுக்குக் கொண்டுவந்து, கேட்டலை மறுநாளுக்கு ஒத்திவையுங்கள்.