நினைவஞ்சலிப் பதாகைக்கு வெக்டரில் ஒரு முகம் வரையும் முறை

தருமபுரியில் ஃபிளெக்ஸ் வடிவமைக்கும் எவருக்கும் பழகிப்போன வேலை ஒன்று உண்டு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் பத்தடி அகலத்தில் பதாகை வேண்டும் என்பார்கள். கையில் இருப்பதோ வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த தாத்தாவின் புகைப்படம் மட்டுமே. அதை அப்படியே பெரிதாக்கினால் மூக்கும் மீசையும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். வளைவுகளைக் கணக்கீடாகச் சேமிக்கும் வெக்டர் படமோ எந்த அளவிலும் உடையாது. கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் ஆகிய வரைகலை மென்பொருள்களுள் எது இருந்தாலும் இதற்குப் போதும்.

முதலில் வேறு படம் இருக்கிறதா என்று வீட்டாரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் போட்டு நேர்முகமாக எடுத்த ஸ்டுடியோ படத்தைவிட, பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் காலை வெயில் ஒரு பக்கமாக விழும்போது யாரோ கைபேசியில் எடுத்த படமே வரைவதற்கு ஏற்றது; ஏனெனில் நாம் உண்மையில் வரையப்போவது நிழல்களைத்தான்.

படத்தை அடி லேயரில் வைத்து, பாதியளவு மங்கலாக்கிப் பூட்டிவிடுங்கள். நிறம் பார்க்க மங்காத நகல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இன்னொரு நகலை போஸ்டரைஸ் செய்து, அதாவது அதன் நிறங்களை ஐந்தாறு நிலைகளாகக் குறைத்தால், நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரைபடம் போலத் தெரியும். புகைப்படத்தை மென்பொருளே வெக்டராக மாற்றித் தரும் தானியங்கி ட்ரேஸ் வசதியை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஆயிரக்கணக்கான நோட்களை, அதாவது வளைவைத் தாங்கும் புள்ளிகளைக் கொட்டிவிடுவதால், பிறகு ஒரு கன்னத்தைத் திருத்துவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

வளைவுகளை வரையும் பென் டூலில் வளைவு திசை மாறும் இடத்தில் மட்டும் நோட் வைத்து, மற்றதை நோட்டிலிருந்து நீளும் கைப்பிடிகளால் இழுத்துக்கொள்ள வேண்டும். மேல் இமை ஒன்றுக்கு நான்கு நோட்களே தாராளம். (ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே 1960களில் கார் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய வளைவுகள்தாம் இவை; தாத்தாவின் தாடைக்கும் அவை குறையில்லாமல் பொருந்துகின்றன.)

முகத்தின் அடிப்படை நிறத்தை இட்ட பிறகு, பெரிய நிழலில் தொடங்கிச் சிறியதற்கு வர வேண்டும். உயிரோட்டம் இருப்பதும் கெடுவதும் நிழலின் விளிம்பில்தான். மூக்கு மேலுதட்டின் மீது வீழ்த்தும் நிழலுக்கும் கழுத்தில் சட்டைக் காலரின் நிழலுக்கும் விளிம்பு கூர்மையாக இருக்கும். கன்னமும் நெற்றியும் உருண்டு திரும்பும் இடத்தில் அது கரைந்துபோகும். கூர்மையானவற்றை வெறும் வடிவங்களாக விட்டுவிட்டு, கரைபவற்றுக்கு மட்டும் விளிம்பை மங்கலாக்கும் பிளர் அல்லது வலைப்பின்னல் புள்ளிகளுக்கிடையே நிறத்தைக் கலக்கும் மெஷ் கிரேடியன்டைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் மெழுகு பொம்மைதான் மிஞ்சும். பிளர் முகத்தை விட்டு வெளியே வழியாதபடி, முக வடிவத்தையே கிளிப்பிங் மாஸ்க்காகப் போட்டுவிட வேண்டும்.

நிழலுக்குக் கருப்பைக் கலக்காதீர்கள். தொடக்க காலத்தில் நான் அப்படிச் செய்த ஒரு படத்தைப் பார்த்த மகன், "அப்பா மூஞ்சில கரி பூசின மாதிரி இருக்குதுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். நம்மூர் மாநிறத்துக்கு நிழல் செம்பழுப்பாக ஆழ்ந்து போக வேண்டும். திறந்த வெளியில் எடுத்த படமானால், நெற்றியின் பளபளப்பில் வானத்தின் நீலம் லேசாக இருக்கும். கண்ணின் வெள்ளையும் வெள்ளையன்று, சாம்பல் கலந்த நிறம். அதன் மேற்பகுதியில் இமையின் நிழலைப் போட்டு, பாவையில் ஒளிப்புள்ளி ஒன்றை வைத்ததும் தாத்தா நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். மீசையையும் தலைமுடியையும் முதலில் ஒரே திரளாக வரைந்து, ஓரங்களில் மட்டும் நுனி மெலிந்த இழைகளைச் சேர்த்தால் போதும்.

பிளர், நிழல் போன்றவை அச்சு இயந்திரத்தின் மென்பொருளில் சில நேரம் பிசகும் என்பதால், மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொண்டு, அச்சுக்கு டிஃப் (TIFF) எனும் பிக்சல் பட நகல் தருவது பாதுகாப்பானது. தள்ளி நின்று பார்க்கும் ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளிகள் போதும். 10 அடிக்கு 8 அடி என்றால் 8640க்கு 6912 பிக்சல். பீடிஎஃப்பாகவே கேட்டால், அனுப்பும் முன் எழுத்துகளை வளைவுகளாக மாற்ற மறக்காதீர்கள். அச்சுக் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால், முகம் உடையாமல் வந்தும் தாத்தாவின் பெயர் கட்டம் கட்டமாக நிற்கும்.