உங்கள் ஊர் வாய்க்காலை மேப்பில் ஏற்றுவது எப்படி?

மேப்பில் எங்கள் ஊரைத் தேடினால் கோயில் வரும், செல்போன் டவர் வரும். வாய்க்கால் மட்டும் வராது. வந்தாலும் பெயர் இல்லாத வெறும் நீலக் கோடுதான். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிவதைப் பார்த்துவிடலாம். அதற்குக் கீழே சி, டி எனப்படும் சிறு கிளை வாய்க்கால்கள் வரை இறங்கினால் பல இடங்களில் காலி.

அதை நாமே வரையலாம். 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். "அனுமதி வாங்கணுமா?" என்று கேட்பவர்களுக்கு: 2021 பிப்ரவரி 15-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடத் தகவல் திரட்ட முன் அனுமதி தேவையில்லை என்று ஆக்கிவிட்டன. பாதுகாப்பு தொடர்பான இடங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

1. முதலில் நடங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கரையில் நடங்கள். போனில் ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலியில் தடத்தைப் பதிவுக்குப் போட்டுவிட்டு நடந்தால் போதும். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், தென்னந்தோப்புக்குள் இன்னும் தள்ளும், பரவாயில்லை. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவை அளந்த வில்லியம் லாம்டன் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்துப் புள்ளிகளைப் பார்க்க உயரம் வேண்டும்; தஞ்சாவூர்ச் சமவெளியில் மலை ஏது? 1808-ல் கோணம் அளக்கும் அரை டன் எடைத் தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றப் போய், கயிறு அறுந்து, சுவரில் மோதிக் கருவி நசுங்கியது.

நடக்கும்போது ஆட்களிடம் கேளுங்கள். பாதி வேலை இதுதான். மதகடியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இது என்ன வாய்க்கால்?" என்றேன்.

"இதுவா? இது வடிகாலு தம்பி. பாயிற வாய்க்கா அந்தாண்ட."

"அப்ப கீழ மடை போட்டிருக்காங்களே?"

"எங்களுக்கு வடிகாலு. கீழத்தெருக்காரவுங்களுக்கு இதான் பாசனம்."

செயற்கைக்கோள் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தெரியாது. எங்கே வடிகால் முடிந்து பாசனம் தொடங்குகிறது என்று அந்த மதகடியிலேயே போனில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

2. கணக்கு, பின்னணிப் படம்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஊருக்குப் பெரிதாக்கி, "திருத்து" அழுத்துங்கள். ஐடி என்ற எடிட்டர் உலாவியிலேயே திறக்கும். பதிவு செய்த தடக் கோப்பை அதன்மேல் இழுத்துப் போட்டால் நீங்கள் நடந்த பாதை தெரியும். பின்னணிக்கு பிங், எஸ்ரி ஆகிய செயற்கைக்கோள் படங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒன்றில் ஆகாயத்தாமரை மூடி வயலோடு வயலாகத் தெரியும் வாய்க்கால், மற்றொன்றில் தூர்வாரிய கோலத்தில் பளிச்சென்று இருக்கலாம். கூகுள் மேப்பைப் பார்த்து மட்டும் காப்பியடிக்காதீர்கள். உரிமம் இடம் தராது.

3. கோடு: தண்ணீர் போகும் திசையில்

விசைப்பலகையில் 2-ஐ அழுத்தினால் கோடு வரையலாம். தண்ணீர் பிரியும் தலைப்பில் தொடங்கி கடைமடையில் முடியுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கோட்டின் திசைதான் தண்ணீரின் திசை. என் முதல் வாய்க்காலை நான் தலைகீழாக வரைந்து, கடைமடைத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிவிட்டேன். கோட்டின் அம்புக்குறியைப் பாருங்கள். தப்பாக இருந்தால் 'வி' விசை திருப்பிவிடும்.

வகைக்கு, பாசன வாய்க்கால் என்றால் 'கேனல்'. வடிகாலில் கான்கிரீட் போட்டதற்கு 'டிரெயின்', வெறும் மண் என்றால் 'டிட்ச்'. ரோட்டைக் கடக்கும் இடத்தில் எடிட்டர் எச்சரிக்கும். அங்கே இருப்பது பாலமா குழாய்ப் பாலமா என்று பார்த்து வந்ததைச் சொல்லுங்கள். ஷட்டருக்குத் தனிப் புள்ளி.

4. பெயர்

தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே போடுங்கள். ஒரே வாய்க்காலுக்கு மேலூரில் ஒரு பெயர், கீழூரில் ஒரு பெயர் இருந்தால், மாற்றுப் பெயர் என்ற கட்டத்தில் இரண்டாவதையும் சேருங்கள். யார் வயல், யார் ஆக்கிரமிப்பு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அது பட்டாச் சண்டை.

5. சேமிப்பு

சேமிக்கும்போது ஒரு குறிப்பு கேட்கும். "திருத்தம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. "கரையில் நடந்து பார்த்தது, பெயர் ஊர்க்காரர்களிடம் கேட்டது" என்று எழுதுங்கள். நாளைக்கு ஒருவர் சரிபார்க்க வந்தால், இந்த வரியை வைத்துத்தான் நம்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்வார்.

அரசு இதை எடுத்துக்கொள்ளுமா?

அப்படியே எடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் உரிமப்படி, அதைக் கலந்து உருவாக்கும் தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும்; பல தேசிய நில அளவை நிறுவனங்களுக்கு அது ஒத்துவராது. அதனால் அவர்களுக்கு இது பெரும்பாலும் துப்பு: இங்கே ஏதோ மாறியிருக்கிறது, ஆளை அனுப்பிப் பார் என்பதற்கு. அமெரிக்காவின் நிலவியல் ஆய்வு நிறுவனம் தனக்கென்று தன்னார்வலர் படையே வைத்துப் பள்ளி, தீயணைப்பு நிலையம், தபால் நிலையம் போன்றவற்றை வரைபடத்தில் திருத்த வைத்தது. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தார். 1767 முதல் இயங்கும் நம் சர்வே ஆஃப் இந்தியாவும் 'சஹ்யோக்' என்ற செயலி வழியாக மக்களிடமிருந்து தகவல் வாங்கியது.

எனவே அந்தப் பெரியவர் சொன்ன பெயரை, நடந்த தேதியோடும் ஷட்டரின் போட்டோவோடும் உங்களிடமும் ஒரு பிரதி வைத்திருங்கள். அது உங்கள் கையால் திரட்டியது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கும் கொடுக்கலாம், நில அளவைத் துறை கேட்டால் அவர்களுக்கும் தனியே கொடுக்கலாம்.