இணையவழி வகுப்பு எடுக்கத் தொடங்குவோருக்கு: தமிழி எழுத்துப் பாடத்தை முன்வைத்து ஒரு செய்முறை

மதுரையிலிருந்து வார இறுதிகளில் தமிழி எழுத்துகளை (பழங்காலக் கல்வெட்டுகளில் தமிழை எழுதிய வடிவம், தமிழ்-பிராமி என்றும் சொல்வார்கள்) வாசிக்கக் கற்றுத்தரும் இணையவழி வகுப்பை நடத்தி வருகிறேன். முதல் அணியினருக்கு முழு நேரமும் நானே பேசினேன், "புரிகிறதா?" என்று கேட்டபோதெல்லாம் "புரிகிறது ஐயா" என்றே பதில் வந்தது. நான்காம் வாரம், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும், மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் கல்வெட்டைத் திரையில் காட்டி வாசிக்கச் சொன்னபோது, முதல் சொல்லையே ஒருவராலும் தாண்ட முடியவில்லை. அதன்பின் நான் மாற்றிக்கொண்ட முறை இது.

முதலில், வகுப்பு முடியும்போது மாணவர் எதைச் செய்து காட்டுவார் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "எழுத்துகளை அறிமுகம் செய்வேன்" என்பது ஆசிரியரின் வேலை. "ஐந்து எழுத்துகளைப் பார்க்காமல் எழுதுவார்" என்பதுதான் மாணவரின் இலக்கு. ஒரு வகுப்புக்கு ஐந்து எழுத்துகள் போதும்.

இரண்டாவதாக, பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசாதீர்கள். வகுப்பின் உயிர் இங்குதான் இருக்கிறது. கூட்டல் குறி போன்ற ‘க’வையும், செங்குத்துக் கோடான ‘ர’வையும் காட்டி விளக்கியதும், படத்தைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு, நினைவிலிருந்து தாளில் எழுதி அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பச் சொல்லுங்கள். ‘த’வைத் தலைகீழாக எழுதியவரின் தாளைப் பார்த்த பிறகுதான் எதை மீண்டும் விளக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ரோடிகர், கார்பிக் என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினாலும், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே மாணவர்கள் அன்றைக்குத் தடுமாறுவதைக் கண்டு மனம் தளர வேண்டாம்.

"புரிகிறதா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டு எழுத்துகளைக் காட்டி, "இவற்றில் எது ‘ப’?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள், கூச்சப்படுபவர் உங்களுக்குத் தனிச்செய்தியில் பதில் அனுப்பட்டும்.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சேர்பவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். ஒரு திரைக்கு ஓர் எழுத்து, பெரிதாக இருக்கட்டும். இணைப்பு தடுமாறினால் உங்கள் முகத்தை மறைத்துவிட்டுக் குரலைக் காப்பாற்றுங்கள். ஜூம் செயலியின் இலவசக் கணக்கில் குழு வகுப்பு 40 நிமிடத்தில் நின்றுவிடும் என்பதால், பாடத்தை 35 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

அடுத்த வகுப்பைப் புதிய எழுத்துகளோடு தொடங்காமல், சென்ற வாரத்து ஐந்தையும் எழுதச் சொல்லித் தொடங்குங்கள்.

இறுதி வகுப்பில் கல்வெட்டைப் பார்த்துத் தெளிவாக வரைந்த நகலைத் தராமல், அது உள்ள பாறையின் புகைப்படத்தையே கொடுங்கள். எது உளி வெட்டிய கோடு, எது பாறையின் விரிசல் என்று மாணவர்களே பிரித்துச் சொல்லும்வரை விடையைச் சொல்லாதீர்கள்.