உள்ளூர் மருத்துவப் பற்றாக்குறையைத் தேசியச் சராசரியோடு ஒப்பிடுவது எப்படி?

முதலில் எண்ணிக்கையை விகிதமாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2,40,000 மக்கள் வாழும் ஒரு வட்டாரத்தில் அரசு மருத்துவர் பணியிடங்கள் 60 என்று வைத்துக்கொண்டால், 10,000 பேருக்கு 2.5 என்றாகும். ஆனால் ஏட்டில் உள்ள பணியிடங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவற்றில் 15 காலியாகவும், 5 பேர் மாற்றுப்பணியில் வேறிடத்திலும் இருந்தால், நோயாளிகளைப் பார்ப்பவர்கள் 40 பேர்தான், விகிதமும் 1.67 ஆக இறங்கிவிடும். வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பது சிரமம்தான், ஆயினும் உண்மை அங்கேதான் இருக்கிறது.

தேசிய எண்ணில் தனியார் மருத்துவர்களும் அடங்கியிருந்தால், உள்ளூர்க் கணக்கிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். இரண்டு எண்களும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையாக இருப்பதும் அவசியம்.

நாடு முழுவதும் ஆள் குறைவாக இருந்தால் சராசரியும் தாழ்ந்தே இருக்கும் என்பதால், அதை எட்டிவிட்டதாலேயே பற்றாக்குறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே, 10,000 பேருக்கு மருத்துவர், செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆகியோர் சேர்ந்து 44.5 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் முன்வைத்த அளவையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது மூன்று பிரிவினரையும் சேர்த்தே உள்ளூரிலும் எண்ண வேண்டும்.