பச்சிளங்குழந்தைக்குக் காது கேட்கிறதா? கண்டறிவதில் நேரும் தவறுகள்

கை தட்டியதும் குழந்தை திடுக்கிட்டால் காது கேட்கிறது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. தட்டும்போது முகத்தில் காற்று படும், நிழல் அசையும். பாத்திரம் விழுந்தால் தரையின் அதிர்வு படுக்கைக்கு எட்டும். மிதமான குறைபாடுள்ள குழந்தைக்குப் பலத்த ஓசை கேட்கும், பேச்சு சரியாக எட்டாது. மழலையும் ஏமாற்றும். அறவே கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும். 'பாபாபா' என்ற அடுக்கு 10 மாதமாகியும் வராதபோதுதான் வீட்டில் சந்தேகம் எழும். அதற்குள் நல்ல காலம் போய்விடும். 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு.

முதற்கட்டத்தில் பெரும்பாலும் பயன்படுவது ஓ.ஏ.இ. கருவி. காதில் செருகும் முனை ஒலி எழுப்பி, உட்செவியிலிருந்து திரும்பும் மெல்லிய ஒலியைப் பதியும். பிறந்த அன்றே வைத்தால், காதுக் குழாயில் ஒட்டிய வெண்மெழுகாலும் நடுச்செவி நீராலும் பல குழந்தைகள் கேட்கும் திறன் இருந்தும் சோதனையில் தவறும். 24 மணி நேரமாவது, முடிந்தால் 48 மணி நேரம் பொறுங்கள். பால் குடித்துத் தூங்கும் நேரமே ஏற்றது. மின்விசிறி, பேச்சுச் சத்தம் எல்லாம் முடிவைக் கெடுக்கும். முனை தளர்ந்திருந்தாலும் அப்படியே. காதுமடலை மெல்லக் கீழ்நோக்கி இழுத்து, பொருந்தும் அளவுள்ள முனையை இறுக்கமாகச் செருக வேண்டும்.

தேறும்வரை கருவியின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது இன்னொரு பழக்கம். பல முறை முயன்றால் ஒரு முறை தற்செயலாகத் தேறிவிடும்! வீடு திரும்புமுன் நல்ல சூழலில் இரண்டு முயற்சிகள் போதும். மறுசோதனையில், ஒரு காது மட்டும் தவறியிருந்தாலும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது. கடும் மஞ்சள் காமாலையில் உட்செவி நன்றாயிருந்தும் நரம்பு பழுதடையலாம், ஓ.ஏ.இ. அதைத் தவறவிடும். அங்கே தானியங்கி ஏ.பி.ஆர். வேண்டும்; ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்அலையைத் தலையில் ஒட்டும் பட்டைகளால் பதியும் சோதனை அது. அதில் தவறிய குழந்தையை ஓ.ஏ.இ.யில் தேற்றி அனுப்புவது பெரும் பிழை.

கருவி இல்லாததைவிட, தவறிய குழந்தை திரும்பி வராமல் போவதே பல நாடுகளில் பெரிய ஓட்டை. "பிறகு வாருங்கள்" என்றால் வரமாட்டார்கள். தேதியும் இடமும் எழுதிக் கொடுங்கள், இரண்டு தொலைபேசி எண்கள் வாங்குங்கள், 6 வார தடுப்பூசி நாளோடு மறுசோதனையை இணையுங்கள். வீட்டில் பிறந்த குழந்தைகளையும் அங்கேதான் பிடிக்க முடியும். பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமாகும் சைட்டோமெகலோ வைரஸ் தாயின் வயிற்றிலிருந்தே தொற்றியதா என்பதை 21 நாளுக்குள் எச்சில் அல்லது சிறுநீரில் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும்.

தேறிய குழந்தைக்கும் பின்னாளில் செவித்திறன் குறையலாம். மூளைக்காய்ச்சல் வந்து குணமானதும் தாமதிக்காமல் மீண்டும் சோதிக்க வேண்டும். தாய்க்குச் சந்தேகம் என்றால் வேறு காரணமே தேவையில்லை.

கேட்கும் கருவி மாட்டியபின் அது 'கூய்' என்று விசிலடித்தால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். குழந்தையின் காது வளர்ந்து, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்திருக்கும். மாற்ற வேண்டியது அச்சை. முதல் வருடத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறைகூட அது தேவைப்படலாம்.