செய்தியோடைகளைக் கண்காணிக்கும் சேவையை அமைக்கும் முறை

பெங்களூரில் அல்சூரில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு, இந்நகரத் தமிழர்களுக்காகத் தமிழ், கன்னட, ஆங்கிலச் செய்தித்தளங்களின் ஓடைகளை, அதாவது புதிய பதிவுகளை நிரல்கள் படிக்கும் வடிவில் தளங்களே வெளியிடும் பட்டியல்களை, திரட்டித் தரும் சேவை ஒன்றை நானும் ஒரு நண்பரும் நடத்தி வருகிறோம். இவ்வேலையில் இறங்குபவர்கள் ஓடையைப் பிரித்துப் படிப்பதுதான் கடினம் என்று எண்ணுகிறார்கள். ஓடையின் வடிவம் 2002இல் வந்த ஆர்எஸ்எஸ் 2.0 ஆனாலும் 2005இல் வந்த ஆட்டம் (Atom) ஆனாலும், பைத்தான் மொழிக்கான ஃபீட்பார்சர் என்ற நிரலகம் இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடும். எப்போது போய்க் கேட்பது, வந்தது புதியதா பழையதா என்று எப்படி அறிவது என்ற இரண்டு இடங்களில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

ஒவ்வோர் ஓடைக்கும் டேட்டாபேஸில் ஒரு வரிசை வைத்து, அதில் முகவரி, சர்வர் கடைசியாகத் தந்த ஈடேக் (உள்ளடக்கத்தின் பதிப்பைக் குறிக்கும் அடையாளம்), லாஸ்ட்-மாடிஃபைடு நேரம் (ஓடை கடைசியாக மாறிய நேரம்), அடுத்து கேட்க வேண்டிய நேரம், தொடர்ச்சியான தோல்விகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேமியுங்கள். அடுத்த முறை கேட்கும்போது ஈடேக்கைக் கோரிக்கையின் இஃப்-நன்-மேட்ச் தலைப்பிலும் (ஹெடர்), நேரத்தை இஃப்-மாடிஃபைடு-சின்ஸ் தலைப்பிலும் அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது சர்வர் 304 என்ற விடையை மட்டும் தரும், உள்ளடக்கம் வராது. ஈடேக்கைச் சுற்றியுள்ள மேற்கோள்குறிகளும் அதன் பகுதியே. அவற்றை அழகுக்காக நீக்கிச் சேமித்த நாங்கள், 304 ஏன் வருவதே இல்லை என்று பல நாட்கள் சர்வர்களையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

சர்வரின் விடையாக 301 (நிரந்தர இடமாற்றம்) வந்தால் முகவரியைப் புதுப்பியுங்கள். 410 (நிரந்தரமாக நீக்கம்) வந்தால் அந்த ஓடையை நிறுத்திவிடுங்கள். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) வந்தால் ரிட்ரை-ஆஃப்டர் தலைப்பு சொல்லும் நேரம்வரை காத்திருங்கள். சர்வர் பக்கத்து 500 வகைப் பிழைகளுக்கு, மீண்டும் கேட்கும் இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது போதும்.

பதிவுகளை அடையாளம் காண ஆர்எஸ்எஸ்ஸில் ஜியூஐடி, ஆட்டத்தில் ஐடி என்ற அடையாளங்கள் உள்ளன. ஒரே பதிவு இருமுறை சேராதபடி, ஓடையின் எண்ணையும் இந்த அடையாளத்தையும் சேர்த்து டேட்டாபேஸில் தனித்துவச் சாவியாக்குங்கள். ஆர்எஸ்எஸ்ஸில் ஜியூஐடி கட்டாயமில்லை என்பதால், அது இல்லாதபோது இணைப்பைப் பயன்படுத்தலாம். ஒரு செய்தித்தளம் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிய அன்று, அதன் ஜியூஐடிகள் எல்லாம் யூஆர்எல்களாகவே இருந்ததால், பழைய செய்திகள் மொத்தமும் புதியவையாக எங்கள் வாசகர்களின் தலையில் வந்து விழுந்தன. அன்றிலிருந்து, யூஆர்எல் வடிவ ஜியூஐடிகளை ஒப்பிடும்போது எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்ற முன்னொட்டை மட்டும் கழித்துவிடுகிறோம். மூல வடிவத்தை மாற்றாமல் தனியே வைத்திருக்கிறோம்.

தேதிகளை அப்படியே நம்பாதீர்கள். இந்திய நேரத்துக்கு +0530 (உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணிநேரம் முன்) என்று எழுத வேண்டிய இடத்தில் ஐஎஸ்டி என்று எழுதும் ஓடைகள் உண்டு. அந்தப் பெயர் இஸ்ரேல் நேரத்தையும் அயர்லாந்து நேரத்தையும்கூடக் குறிக்கும். இந்திய நேரத்தையே +0000 என்று குறிப்பவர்களின் காலை 10 மணிச் செய்தி, நம் கணக்கில் பிற்பகல் 3.30க்கு வெளியானதாகி, பட்டியலின் உச்சியில் பல மணிநேரம் உட்கார்ந்துவிடும். நாம் முதன்முதலில் பார்த்த நேரத்தையும் பதிந்துகொண்டு, ஓடை தரும் தேதி எதிர்காலத்தைக் காட்டினால் நாம் பார்த்த நேரத்தையே பயன்படுத்துங்கள்.

ஓடையில் ஹப் (புதிய பதிவுகளைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பும் இடைச் சர்வர்) முகவரி இருந்தால், 2018இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த வெப்சப் என்ற நெறிமுறை வழியாகப் புதிய பதிவுகள் தாமாகவே வந்து சேரும். ஆனால் சந்தாவுக்குக் கெடு உண்டு. அது முடியுமுன் புதுப்பிக்க வேண்டும், நாளுக்கு ஒருமுறை நேரில் போய்க் கேட்பதையும் விடக்கூடாது.

எந்தப் பிழையும் காட்டாமல் 200 (எல்லாம் சரி) என்ற விடையைத் தந்துகொண்டே, புதிதாக எதுவும் தராத ஓடைதான் எளிதில் கண்ணுக்குத் தப்பும். எல்லா ஓடைகளுக்கும் ஒரே கெடு வைக்காமல், ஒவ்வொன்றும் வழக்கமாக விடும் இடைவெளியைக் கணக்கிட்டு, அதைப்போல் பல மடங்கு நேரம் மௌனமாக இருந்தால் எச்சரிக்கை வரும்படி அமையுங்கள்.